வற்றிய குடாவில் ஒரு வள்ளம்

பாலையூற்றில் இருக்கும் என் அக்காவின் வீட்டு முன் அறையில் மூன்று மாதங்களாக ஒரு பெரிய ஓவியம் தொங்குகிறது. நாலடி அகலமும் மூன்றடி உயரமும் கொண்ட அந்தக் கான்வாஸை வரைந்தவள் அக்காவின் மகள், எனக்குப் பெறாமகள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த மாதங்களில், சமையலறைக்குப் பின்னாலுள்ள சிறிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அதை வரைந்து முடித்தாள். நான் முப்பது ஆண்டுகள் பாடசாலைகளில் சித்திரம் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால், வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தின் முன் நின்று தடுமாறும்போதெல்லாம் அக்கா என்னைத்தான் விளக்கம் சொல்லக் கூப்பிடுகிறார். நான் சொன்ன முதல் விளக்கம் பிழையானது. அந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்பதையும், அதன் பிறகு அந்தப் படத்தை எப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். களிம்பேறிய பித்தளையின் நிறத்தில் ஒரு வானம். அதில் மேகமோ பறவையோ இல்லை. வானத்தின் இடப்பக்கத்தில், படத்தின் உயரத்தில் மூன்றிலொரு பங்கை அடைத்துக்கொண்டு, சூரியனா சந்திரனா என்று சொல்ல முடியாத வெளிறிய வட்டம் ஒன்று பாதி எழுந்து நிற்கிறது. அதன் கீழே, நீரெல்லாம் வடிந்துபோன ஒரு பெருங்குடாவின் அடித்தளம்: வரிவரியாக இறுகிய கரிய மணல், உப்புப் பூத்த வெடிப்புகள், நடுவே திடீரென்று பிளந்து அடி தெரியாமல் இறங்கும் ஒரு பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கின் மறுகரையில் செங்குத்தான பாறைமுகடு; அதன் உச்சியிலிருந்து அடிவரை ஒரே வீச்சில் வெட்டியது போன்ற பிளவு. முகட்டுக்குப் பின்னால் துருவேறிய பெரிய உருளைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மனிதர் எவரும் இல்லை. கீழே வலது மூலையில், உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு வள்ளம் மணலில் தனியே இருக்கிறது.

திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேற்றுலகம் முழுவதும் வேற்றாகத் தெரியாது. பிளந்த முகடு, கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இராவணன் வெட்டு என்று நாங்கள் காட்டும் பாறைப்பிளவின் சாயல். உருளைகள், சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்க் குதங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் ஆங்கிலேயர் கட்டத் தொடங்கிய அந்தக் குதங்களில் இன்று 99 நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு விமானம் மோதி எரிந்த குதத்தின் சிதைவும் அங்கே உண்டு. பள்ளத்தாக்கும் அவள் மனத்தில் முளைத்ததன்று. கொட்டியாரக் குடாவின் நீருக்கடியில், கரைக்கு அருகிலேயே தொடங்கி ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்கிச் செல்லும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. பெருந்திமிங்கிலங்கள் எங்கள் கரைக்கு இவ்வளவு அண்மையில் வருவதும் அந்த ஆழத்தால்தான். ஆகவே அவள் செய்த கற்பனைச் செயல் ஒன்றே ஒன்று: குடாவிலிருந்து நீரை வடித்துவிட்டாள். நீர் போனதும் மற்றவை எல்லாம் தாமாகவே பயங்கரமாகிவிட்டன.

படத்தைப் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஐயா இது யுத்தத்தைப் பற்றியது என்றார். துருவேறிய குதங்களையும் ஆளற்ற வெளியையும் பார்த்தால் வேறு எப்படி நினைப்பது என்று கேட்டார். அக்காவுடன் படித்த ஒருவர், காலநிலை மாறிப் பூமி வறண்டுபோகும் நாளை வரைந்திருக்கிறாள் என்றார். தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகும் ஓர் அம்மா இறுதி நாள் என்றார். எவரையும் நான் மறுக்கவில்லை. நானே அப்போது என் மனத்துக்குள் இன்னொரு விளக்கத்தை வைத்திருந்தேன். அது மற்ற எல்லாவற்றிலும் உறுதியானது என்று நம்பியும் இருந்தேன்.

2004 டிசம்பர் 26 காலை நான் உப்புவெளியில் இருந்தேன். முதல் அலை வீதியைத் தாண்டி வந்து திரும்பியபோது, நாங்கள் ஏறி நின்ற மாடியிலிருந்து பார்த்தால், கடல் தன் இடத்தில் இல்லை. அதுவரை ஒருபோதும் பார்த்திராத கடலடி, ஈரமும் பாசியும் பாறையுமாக, வெயிலில் திறந்து கிடந்தது. அதைப் பார்த்த சில நிமிடங்கள் எனக்குள் இருபது ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன. எனவே பெறாமகளின் படத்தை முதன்முதலில் பார்த்த கணத்தில் என் கண் வேறு எங்கும் போகவில்லை. இது அந்தக் காலைதான் என்று முடிவுகட்டி, வந்தவர்களுக்கும் அப்படியே சொன்னேன். கடல் திரும்பி வருவதற்கு முந்திய கணம் என்றேன். வட்டம் அந்தக் காலைச் சூரியன் என்றேன். வள்ளத்துக்கு உரியவர் திரும்பி வரமாட்டார் என்றுகூடச் சொன்னேன்.

ஒரு நாள் அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். விருந்தினர் போன பிறகு, மறுத்துப் பேசும் தொனியே இல்லாமல், "சின்னம்மா, நான் அப்ப பிறக்கவே இல்லையே" என்றாள்.

அவள் பிறந்தது 2006இல். ஆழிப்பேரலையைப் பற்றி அவள் கேள்விப்பட்டதெல்லாம் நாங்கள் சொன்னவைதான். பார்க்காததை வரையக்கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் அவள் அந்தக் காலையை வரைந்திருந்தால் மணல் ஈரமாக இருந்திருக்க வேண்டும். படத்தில் இருக்கும் மணல் வெடித்திருக்கிறது. உப்புப் படிந்து, அந்த உப்பிலும் வெடிப்பு விழுந்திருக்கிறது. அந்த நீர் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. இதை ஒரு மாணவி கவனிக்காமல் விட்டிருந்தால் நான் கண்டித்திருப்பேன். என் நினைவைத் தூக்கி ஒரு பெண்பிள்ளையின் படத்தின்மீது போர்த்திவிட்டு, போர்வையைத்தான் நான் இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது. அன்று மாலை எல்லோரும் போன பிறகு கதிரையை இழுத்துப் போட்டுப் படத்தின் முன் அமர்ந்தேன். முதன்முறை பார்ப்பவளைப் போலத் தொடங்கினேன்.

பாழ்பட்ட உலகத்தை வரைந்த ஓவியர்களுள் நான் வகுப்பில் எப்போதும் எடுத்துச் சொன்னவர் ஜேர்மனியரான காஸ்பர் டேவிட் பிரீட்ரிக். 1823, 1824 அளவில் அவர் வரைந்த பனிக்கடல் ஓவியம் இன்று ஹம்பர்க் நகரின் கலைக்கூடத்தில் இருக்கிறது. உடைந்த பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கல்லறைக் கோபுரம்போல் எழுந்து நிற்க, வலப்பக்கத்தில் நொறுங்கிய கப்பலின் பின்பகுதி மட்டும் சிறிதாகத் தெரியும். வட துருவக் கடலுக்கு பிரீட்ரிக் போனதே இல்லை. டிரெஸ்டன் நகரில், தன் வீட்டுக்கு அருகே ஓடிய எல்பே ஆற்றில் குளிர்காலத்தில் மிதந்து வந்த பனிக்கட்டிகளைப் பார்த்து வரைந்த சிறு ஆய்வுப் படங்களிலிருந்தே அந்தப் பேருலகத்தைக் கட்டினார். அவருக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, 1787இல், அவருடைய தம்பி பனி உடைந்து நீரில் மூழ்கி இறந்தார். இந்த இரண்டு செய்திகளையும் சொன்னால் மாணவர்கள் உடனே, "அப்படியானால் அந்தப் படம் தம்பியைப் பற்றியது" என்பார்கள். இருக்கலாம், ஆனால் அதோடு படம் முடிந்துவிடாது என்று நான் பதில் சொல்வேன். என்னைப் பொறுத்தவரை அந்த ஓவியத்திலிருந்து கற்கவேண்டியது வேறு: ஒருவர் காணாத தூரதேசம் ஒன்றைத் தன் வீட்டு வாசலில் கிடைக்கும் பொருளைக் கொண்டே கட்ட முடியும், அப்படிக் கட்டியதே நம்பத்தக்கதாக நிற்கும். அவருக்கு எல்பே ஆறு. எங்கள் பிள்ளைக்குத் திருகோணமலைக் குடா. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, அவள் எந்தத் தூரதேசத்தைக் கட்ட முயன்றாள் என்பது.

படத்தின் பகைமை எங்கிருந்து வருகிறது என்று அடுத்ததாகப் பார்த்தேன். நிலக்காட்சி வரையத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுப்பது, தூரம் கூடக்கூட நிறம் மங்கி நீலம் ஏறும், விளிம்புகள் கரையும் என்பதே. இடையில் இருக்கும் காற்றே அதற்குக் காரணம். இவள் அந்தப் பாடத்தை நன்றாக அறிந்தவள். ஆனாலும் மறுகரையின் முகட்டை, காலடியிலுள்ள கல்லைப் போலவே கூர்மையாக வரைந்திருக்கிறாள். பார்ப்பவருடைய நெஞ்சு இறுகுவது அதனால்தான். அந்த உலகில் மூச்சுவிடக் காற்று இல்லை என்பதை அறிவு சொல்லுமுன் கண் உணர்ந்துவிடுகிறது. சந்திரனில் இறங்கியவர்களுக்கு இது உண்மையிலேயே நேர்ந்தது. 1971இல் அப்பலோ 14 பயணத்தில் சென்ற இருவர், தாம் தேடிச் சென்ற பெருங்குழியின் விளிம்பை ஏறத்தாழ முப்பது மீற்றர் தூரத்தில் தவறவிட்டுத் திரும்பினார்கள். காற்றும் புழுதிமூட்டமும் மரமும் வீடும் இல்லாத வெளியில் எது அருகில், எது தொலைவில் என்று கண்ணால் கணிக்க முடியவில்லை. இந்தப் படத்திலும் வள்ளத்திலிருந்து முகட்டுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் பதில் இல்லை. நூறு அடியும் இருக்கலாம், ஆயிரம் காதமும் இருக்கலாம்.

பாறைகளை அவள் தூரிகையால் வரையவில்லை. ஈரமான வண்ணத்தின்மேல் பொலித்தீன் தாளை அழுத்தி, சட்டென்று உரித்தெடுத்திருக்கிறாள். அப்போது வண்ணம் தன் போக்கில் இழுபட்டு, பவளப்பாறையும் அரித்த எலும்பும் கலந்த ஒரு தோற்றம் தானே உண்டாகிறது. மாக்ஸ் எர்ண்ஸ்ட் 1940இல் பிரான்சில் தொடங்கி 1942இல் அமெரிக்காவில் முடித்த, மழைக்குப் பின்னான ஐரோப்பாவைக் காட்டும் ஓவியத்தில் இந்த முறையே கையாளப்பட்டது. கை வரையும் பாறையில் கையின் அன்பு கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். உரித்தெடுத்த பாறையில் அது இராது. மணலுக்கு அவள் புல்மோட்டைக் கரையின் கருமணலையே வண்ணத்தோடு குழைத்துப் பூசியிருக்கிறாள். விரலால் தடவினால் நறநறவென்கிறது. அந்தக் கருமணலில் இருக்கும் இல்மனைற்று என்ற கனிமத்திலிருந்துதான், இன்று ஓவியர் எல்லோரும் பயன்படுத்தும் டைட்டேனியம் வெள்ளை செய்யப்படுகிறது. வானத்தின் வெளிறிய வட்டமும் தரையின் கரிய மணலும் ஒரே கனிமத்தின் இரண்டு முகங்கள் என்பதை அவள் அறிந்து செய்தாளா என்று கேட்டேன். அறியவில்லை என்றாள். சொன்னபோது நெடுநேரம் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் அந்த வட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவளிடமே சொல்லியும்விட்டேன். வேற்றுலகம் என்றால் வானத்தில் ஒரு பெருங்கோளம் எழ வேண்டும் என்பது தொலைபேசித் திரைகளில் ஆயிரம் முறை பார்த்துப் பழகிய வழக்கம். படத்தில் அவள் தன் கண்ணால் காணாமல் பிறர் கண்ணால் கண்டது அது ஒன்றுதான். அது இல்லாதிருந்தால் அந்த வானம் இன்னும் கொடியதாக இருந்திருக்கும்.

பிறகுதான் நிழல்களைக் கவனித்தேன். உண்மையில் இதை முதல் நாளே நான் கவனித்திருக்க வேண்டும். பாறைகளின் நிழல் குறுகி, பாறையின் காலடியிலேயே ஒடுங்கிக் கிடக்கிறது. கதிரவன் உச்சியை அண்டி நிற்கும்போது விழும் நிழல். வள்ளத்தின் நிழலோ மணலில் நீண்டு, வள்ளத்தைப் போல நான்கு மடங்கு ஓடுகிறது. பொழுது சாயும்போது விழும் நிழல். ஒரே வெளியில் இரண்டு வேளைகள். சாதாரண தர மாணவி செய்தாலும் சிவப்பு மையால் சுழித்துவிடும் பிழை இது. நானும் முதலில் பிழை என்றே எண்ணி, மறுநாள் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். இரவு படுத்த பிறகு, பல ஆண்டுகளுக்கு முன் படித்த திணைப் பாடம் நினைவுக்கு வந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பாலைக்கு உரிய சிறுபொழுது நண்பகல். நெய்தலுக்கு உரியது எற்பாடு, கதிர் சாயும் வேளை. பாறைகள் பாலையின் வேளையில் நிற்கின்றன. வள்ளம் நெய்தலின் வேளையில் நிற்கிறது.

இங்கே பாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வறண்ட பகையுலகம் ஒன்றைக் கற்பனையால் கட்டும் கலை நமக்குப் பிற நாட்டார் சொல்லிக்கொடுத்துத் தெரிந்ததன்று. எங்கள் பக்கத்தில் பாலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது மரம்தான். வறண்ட காட்டில் வைரம் பாய்ந்து நிற்கும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் மஞ்சளாய்ப் பழுத்துப் பிசினோடு இனிக்கும் பழத்தைத் தரும் மரம். பாலையூற்று என்ற ஊர்ப்பெயரும் எனக்கு அந்த மரத்தையே நினைவூட்டுகிறது. பாலை நிலம் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்தில்தான் கற்றேன். குறிஞ்சியும் முல்லையும் தம் நல்லியல்பை இழந்து பாலை என்ற வடிவத்தைக் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பாலைக்கென்று தனியாக ஒரு நிலம் இல்லை. இன்னொரு நிலம் தன் தன்மை திரிந்து நிற்கும் நிலையே பாலை. வேற்றுலக ஓவியம் எதையும் இந்த ஒரு கேள்வியோடு அணுகலாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது: இது முன்பு எந்த நிலமாக இருந்தது? பெறாமகளின் படத்தில் விடை வெளிப்படையாகவே இருக்கிறது. அது நெய்தலாக இருந்தது. வள்ளம் ஒன்றுதான் இன்னும் நெய்தலாக இருக்கிறது. அதனால்தான் அதன் நிழல் மட்டும் மாலை நிழல்.

பாலையின் உரிப்பொருள் பிரிவு. அகநானூற்றின் நானூறு பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்றவை எல்லாம் பாலை. அதாவது இருநூறு, சரிபாதி. அந்தப் பாடல்களில் வெயிலில் வெடித்த நிலமும், இலை உதிர்ந்த ஓமை மரமும், நீர் வற்றிய சுனையும், வழிப்போக்கரைக் கொல்லும் ஆறலைகள்வரும், வானத்தில் வட்டமிடும் பருந்தும் வருகின்றன. மாணவியாகப் படித்தபோது நான் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த நிலத்தைச் சொல்பவர்களில் பெரும் பங்கினர் அதைப் பார்த்தவர்கள் அல்லர். தலைவன் பொருள் தேடிப் போய்விட்டான்; தலைவியும் தோழியும் வீட்டில் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களே அந்தக் காட்டைச் சொல்கிறார்கள். அவன் நடக்கும் வழியில் எந்த மரம் நிழல் தராது, எந்தச் சுனையில் நீர் இராது என்று கல்லும் முள்ளுமாக எண்ணிச் சொல்கிறார்கள். காணாத நிலம் அவர்களுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அதில் நடந்துகொண்டிருப்பவன் யார் என்பது.

அத்தான், அதாவது அவளுடைய தந்தை, ஆறு ஆண்டுகளாகக் கட்டாரில் கட்டட வேலை செய்கிறார். முன்பு திருக்கடலூரில் கடற்றொழில் செய்தவர். போவதற்கான செலவுக்கு வள்ளத்தை விற்றார். இதையெல்லாம் அறிந்த நான், படத்தின் முன் எத்தனை முறை நின்றேன் என்றாலும், இதை ஒருமுறையும் படத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

மறுநாள் நிழலைப் பற்றி அவளிடம் கேட்டேன். பிழை என்று சொல்லவில்லை. ஏன் இரண்டு வேளை என்று மட்டும் கேட்டேன். அவள் சிறிது யோசித்து, "இஞ்ச விளக்கு வைக்கிற நேரம் அப்பாவுக்கு மூண்டரை மணி, சின்னம்மா. அங்க வெயில் இறங்கியிராது" என்றாள். கட்டாரில் 2021 முதல், ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை, காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை திறந்த வெளியில் வேலை வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது, வெப்பம் அவ்வளவு. எங்களுக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். எனவே அந்த மாதங்களில் அத்தான் மீண்டும் வெயிலில் இறங்குவதற்குச் சற்று முன், இங்கே ஆறு மணிக்கு, கோயில் மணி கேட்கும் வேளையில் அழைப்பார். திரையில் அவருடைய முகத்துக்குப் பின்னால் வானம் வெள்ளையும் மஞ்சளுமாகக் கண்ணைக் குத்தும். இங்கே பிள்ளையின் முகத்தில் இருள் விழுந்துகொண்டிருக்கும். பித்தளைக் களிம்பு நிறம் எங்கிருந்து வந்தது என்பதையும் நான் பிறகு கேட்கவில்லை.

முகட்டை ஏன் அவ்வளவு கூர்மையாக வரைந்தாள் என்பதும் இப்போது எனக்கு ஓரளவு விளங்குகிறது. திரையில் அவர் எப்போதும் கூர்மையாகத்தான் தெரிகிறார். நெற்றியில் புதிதாக விழுந்த கோடு, சட்டைக் கழுத்தில் உலர்ந்த உப்பு, எல்லாம் தெரிகின்றன. தூரம் அவரை மங்கச் செய்வதில்லை. என் அம்மாவின் காலத்தில் ஊரைவிட்டுப் போனவர்கள் கடிதத்துக்குக் கடிதம் மெல்ல மங்கினார்கள்; அது ஒருவகையில் தாங்கக்கூடியதாக இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த மங்கலும் இல்லை.

இதோடு படம் முழுவதும் விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். குதங்கள் ஏன் அத்தனை என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் ஒரு சிறு விவரத்தைச் சொல்லாமல் விட முடியாது. பிரீட்ரிக்கின் கப்பலை மனத்தில் வைத்திருந்ததால், இந்த வள்ளத்தையும் கைவிடப்பட்டது, உடைந்தது என்றே நான் எண்ணியிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் போய்ப் பார்த்தால், அது நிமிர்ந்து நிற்கிறது. இருபுறமும் அடியில் கல் வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறது, இரண்டு புள்ளிகள் அளவில். கரையில் ஏற்றிய வள்ளம் சரிந்து பலகை விரியாமல் இருக்க நம்மவர்கள் செய்வது அது. எல்லாம் வற்றி வெடித்த உலகத்தில், போகுமுன் ஒருவர் குனிந்து, பொருத்தமான கல் தேடி எடுத்து, முட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பாலை பாடிய பெருங்கடுங்கோ குறுந்தொகையில் பாடிய ஒரு பாடலில், வருந்தும் தலைவிக்குத் தோழி ஆறுதல் சொல்வாள்: அவர் போன வழியில், பெண் யானையின் பசியைத் தீர்க்க ஆண் யானை தன் பெரிய கையால் யா மரத்தின் பட்டையை உரித்துக் கொடுக்கும், அவர் சென்ற வழியே அன்புடையதுதான். காட்டின் கொடுமையை அவள் மறைக்கவில்லை. யானைக்குக்கூட மரப்பட்டைதான் உணவு என்னும் அளவுக்கு நிலம் வறண்டிருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறாள். இந்தப் படத்தின் இரண்டு கற்களை அந்த யானையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பாழ்நிலத்தை வரைகிறவர்கள் பாழை மட்டும் வரைந்தால் பார்வையாளர் அரை நிமிடத்தில் சலித்துத் திரும்பிவிடுவார். இவள் படத்தின் முன் மக்கள் நிற்பதற்கு அந்தக் கற்களே காரணம் என்று நம்புகிறேன், அவற்றை அவர்கள் கண்டாலும் காணாவிட்டாலும்.

படத்துக்குப் பெயர் வைக்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். அவள் வைக்கவில்லை; நானும் வற்புறுத்தவில்லை. போலந்து ஓவியர் ஸ்டிஸ்லாவ் பெக்சின்ஸ்கி, சாம்பலும் எலும்பும் செந்தீயுமான பேருலகங்களைப் பல ஆண்டுகள் வரைந்தவர், தன் படங்களுக்குப் பெயரே இட்டதில்லை. விளக்கம் கேட்டவர்களுக்கு விளக்கமும் தரவில்லை. பெயர் இல்லாததால்தான் பக்கத்து வீட்டு ஐயா அதில் தன் யுத்தத்தைக் கண்டார். நான் என் அலையைக் கண்டேன். அவர் கண்டது தவறு என்று இப்போதும் சொல்லமாட்டேன். அவருடைய வீட்டில் திரும்பி வராதவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் எல்லோருடைய வாசிப்பிலும் நிலம் மாறியது, பிரிவு மாறவில்லை.

சென்ற கிழமை அவள் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து அத்தானுக்கு அனுப்பினாள். அதுவரை அனுப்பத் துணியவில்லை. அன்று ஆறு மணி அழைப்பின்போது நானும் அந்த அறையில் இருந்தேன். அத்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் போலும், நெடுநேரம் பேசவில்லை. வானத்தைப் பற்றியோ பாறையைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை. இந்த இடம் எது என்றும் கேட்கவில்லை. கடைசியில், "முட்டுக் கல்லு சரியா வச்சிருக்கிறாய். கயிறு எங்க பிள்ளை? கயிறில்லாம வள்ளத்தை விடுறதே?" என்றார்.

மறுநாள் அவள் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, மெல்லிய தூரிகையால் கயிறு வரைந்தாள். அருகில் முளைக்கட்டையோ கல்லோ வரைந்து அதில் கட்டிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். வள்ளத்தின் அணியத்திலிருந்து தொடங்கிய கயிறு மணலில் தொய்ந்து வளைந்து, கீழ் விளிம்பைத் தொட்டு, கான்வாஸின் மடிப்பு வழியாகப் படத்தைவிட்டு வெளியே இறங்குகிறது. புதிய வண்ணம் என்பதால், மாலையில் விளக்குப் போட்டதும் படத்தில் அந்தக் கயிறு மட்டும் இன்னும் கொஞ்சம் பளபளக்கிறது.